மரம் தளிர்ப்பதற்குள் பூத்துவிடும் அனிமோன்

தஞ்சாவூர்ப் பக்கம் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே, நிற்கிற நெல்லுக்குள் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். நெல் அறுபட்டதும் முளையின் மேல் வெயில் விழும். மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலேயே ஆடுதுறை 3 என்ற உளுந்து ரகம் காய்த்து முடித்துவிடும். ஐரோப்பியக் காடுகளில் இதே கணக்கைப் போட்டு வாழ்கிற செடி அனிமோன். நம் வீட்டுக் கருஞ்சீரகத்தின் குடும்பம்தான்.

குளிர்காலத்தில் அங்கே ஓக், பீச் மரங்கள் மொட்டையாக நிற்கும். மார்ச்சில் மண் சூடேறத் தொடங்கும். மரங்கள் தளிர்த்துக் கூரை போட இன்னும் சில வாரங்கள் ஆகும். தரை வரை வெயில் இறங்குவது அந்தச் சில வாரங்களில்தான். விதை முளைத்து, வளர்ந்து, பூக்க அந்த அவகாசம் போதாது. அதனால் அனிமோன் முந்தின ஆண்டே மண்ணுக்கடியில் கிழங்குத்தண்டில் மாவுச்சத்தைச் சேர்த்து வைத்திருக்கும். அந்தச் சேமிப்பைக் கொண்டு இலையையும் பூவையும் ஒரேயடியாக மேலே அனுப்பும். இதழ் என்று நாம் பார்ப்பவை உண்மையில் புல்லிகள். மழை வந்தால், இருட்டினால் மூடிக்கொள்ளும். கோடை நடுவில் செடியே கண்ணில் படாது. கிழங்கு 100 ஆண்டில் ஏறத்தாழ 6 அடிதான் பரவும் என்கிறார்கள். எனவே ஒரு காட்டில் அனிமோன் பாய் விரித்தாற்போலப் பூத்திருந்தால், அந்தக் காடு மிகப் பழையது என்று கொள்ளலாம். எனக்கு இந்தச் செடியில் மிகவும் பிடித்தது இந்தப் பொறுமைதான்.

நீலகிரி, பழனி மலைகளின் உயரங்களில் நமக்கும் ஒரு வெள்ளை அனிமோன் உண்டு. இதே இனம் இமயமலையிலும் வளர்கிறது. இடையிலுள்ள சமவெளியில் இல்லை. பனியுகக் குளிரில் அது தெற்கே வந்து, வெப்பம் திரும்பியபின் மலைகளில் தங்கிவிட்டது என்று தாவரவியலார் கருதுகிறார்கள். (அண்மையில் சிலர் இதை எரியோகாபிடெல்லா என்ற தனிப் பேரினத்தில் சேர்த்திருக்கிறார்கள்.) நம் மலைகளின் சோலைக்காட்டு மரங்கள் இலையை மொத்தமாக உதிர்ப்பதில்லை, உள்ளே வெயிலுக்கு வழியே கிடையாது. ஆகவே இங்கே அனிமோன் காட்டுக்கு வெளியே, புல்வெளியில், ஓடைக்கரை ஈரத்தில் குடியிருக்கிறது. பச்சையாகக் கடித்தால் வாய் எரியும், கொப்பளிக்கும், மாடு தொடாது.

வெள்ளைக்காரர் காலத்தில் கொண்டுவந்து நட்ட வாட்டில் மரம் அந்தப் புல்வெளிகளில் பெரும்பகுதியை மூடிவிட்டது. இப்போது அதை வெட்டி அகற்றிப் புல்லை மீட்கும் வேலை நடக்கிறது. நீலகிரிப் புல்வெளி ஓடைகள் பல பவானியில் சேர்கின்றன. பவானி மேட்டூருக்குக் கீழே கூடுதுறையில் காவிரியில் கலந்து, கல்லணை வழியாக நம் வாய்க்கால்களுக்கு வருகிறது.