பூல் பக்கத்துல பர்கோலா: நிழலுக்கு என்ன விலை?

ஈசிஆர்ல கோவளம் பக்கம் வீக்எண்ட் வீடு வச்சிருக்கிற ஒரு கிளையண்ட் போன மாசம் ஒரு கொட்டேஷன் அனுப்பினார். நீச்சல் குளத்தை ஒட்டி ஒரு டெக், அதுக்கு மேல பர்கோலா. வேலைக்கு 5 லட்சம், 18% ஜிஎஸ்டி 90,000. லைட், நாற்காலி எல்லாம் சேர்த்து 6 லட்சம். பணம் எங்கிருந்து வரும்னு கேட்டேன். “பொண்ணு காலேஜுக்குப் போடுற எஸ்ஐபில இருந்து எடுக்கலாம், இல்லன்னா பர்சனல் லோன். வீட்டை அப்பப்போ வாடகைக்கு விடுறோம்ல, திரும்பி வந்துடும்”னார்.

வருமா? கணக்குப் போட்டுப் பார்த்துடலாம்.

வாடகைக் கணக்கு

பர்கோலா இருக்கிறதால ஒரு ராத்திரிக்கு 1,500 ரூபாய் கூடுதலா கிடைக்குது, வருஷத்துக்கு 60 ராத்திரி ஆள் வர்றாங்கன்னு வைங்க. 90,000 ரூபாய். பாலிஷ், பெயிண்ட், ரிப்பேருக்கு 20,000 போனா மிச்சம் 70,000. போட்ட 6 லட்சம் திரும்ப எட்டரை வருஷம் ஆகும். அதுவும் வருமான வரிக்கு முன்னாடி!

லோன்னா இன்னும் மோசம். 13% வட்டி, 5 வருஷம்னா மாச இஎம்ஐ சுமார் 13,650. வருஷத்துக்கு 1.64 லட்சம் கட்டணும், கைக்கு வர்றது 70,000. மொத்த வட்டி மட்டும் 2.19 லட்சம். ஆக, இது முதலீடு இல்லை, செலவு. சந்தோஷத்துக்குச் செலவு பண்றது தப்பே இல்லை. ஆனா அதுக்குப் பொண்ணோட காலேஜ் பணம் போகக் கூடாது.

“பில் வேண்டாம் சார், 90,000 மிச்சம்”

கான்ட்ராக்டர் இப்படிச் சொன்னா ஒத்துக்காதீங்க. அது வரி ஏய்ப்பு. நமக்கும் நஷ்டம் இருக்கு. தரையோட பொருத்துற டெக், பர்கோலா எல்லாம் வீட்டுக்குச் செய்யற மேம்பாட்டுச் செலவு. நாளைக்கு வீட்டை விற்கும்போது லாபத்துல இருந்து இதைக் கழிக்கலாம். நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5%, செஸ் சேர்த்தா 13%. 5.9 லட்சத்துக்குப் பில் இருந்தா 76,700 ரூபாய் வரி குறையும். நாற்காலி, குடைக்கு இந்தச் சலுகை கிடையாது. அதனால அதுக்குத் தனி பில் வாங்குங்க.

நேர்மையா சொல்லணும்னா, இன்னைக்குக் கட்டுற 90,000-ஐ என்னைக்கோ கிடைக்கப்போற 76,700 முழுசா ஈடு கட்டாது. ஆனா ஒரு வருஷத்துல தூண் ஆட ஆரம்பிச்சா, நுகர்வோர் மன்றத்துல உங்க கையில இருக்கப்போறது அந்தப் பில்தான்.

ஜிஎஸ்டி பதிவு இல்லாத சின்ன கான்ட்ராக்டர் ஜிஎஸ்டி வசூலிக்கவே கூடாது. அவர்கிட்ட ரசீது வாங்கி, பணத்தை பேங்க் மூலமா அனுப்பினா போதும். ஒரே வேலைக்கு 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கினா, வாங்கினவருக்கு அபராதம்.

கட்டும்போது கவனிக்க

கடலோரம்னா உப்புக் காத்து சாதாரண இரும்பைச் சீக்கிரம் அரிச்சிடும். கால்வனைஸ் பண்ண பைப் கேளுங்க. அடர் நிற டபிள்யூபிசி பலகை மே மாச மதியம் வெறும் காலைச் சுட்டுடும், வெளிர் நிறம் எடுங்க. சாயங்கால வெயில் மேற்கில இருந்து சாய்வா உள்ள வரும், மேல இருக்கிற சட்டங்கள் அதைத் தடுக்காது. மேற்குப் பக்கம் ஒரு திரைக்கும் சேர்த்தே விலை கேளுங்க. கடல்ல இருந்து 500 மீட்டருக்குள்ள இருந்தா கடலோர ஒழுங்குமுறை விதிகளையும் முதல்ல பாருங்க.

என் யோசனை

இந்தக் கோடைக்கு நாலு கம்பம் நட்டு, நர்சரில போடுற பச்சை வலையைக் கட்டுங்க. சில ஆயிரத்துல முடிஞ்சிடும். குடும்பத்தோட எத்தனை நாள் அங்க உட்கார்ந்தீங்கன்னு காலண்டர்ல குறிச்சு வைங்க. கூடவே மாசம் 20,000 தனியா ஒரு ஆர்டில போடுங்க. ரெண்டரை வருஷத்துல 6 லட்சம் கையில இருக்கும். அப்பவும் ஆசை இருந்தா, காலண்டரும் ஆமான்னு சொன்னா, தாராளமா கட்டுங்க.