பால்காரர் வந்தப்ப பேசுனாகளா?

"எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?"

தென்மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்த காலமெல்லாம் நான் வாய் ஓயாமல் கேட்ட கேள்வி இது. கேட்டதும் பாதிப் பேருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "இங்க உயிர் போகுது, நீங்க மணி கேக்குறீங்களே சிஸ்டர்!"

பதிவேட்டை நிரப்புவதற்காக மட்டும் நாங்கள் மணி கேட்பதில்லை. எந்த மருந்தைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்பதைச் சில நோய்களில் அந்த மணிதான் முடிவு செய்கிறது. பக்கவாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூளை ரத்தக்குழாயில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கி 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்குள் சி.டி. ஸ்கேன் எடுத்து, மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று பார்த்தாக வேண்டும். காலம் கடந்து போட்டால் பலன் குறையும், கசிவு ஆபத்து கூடும். தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால், எழுந்த நேரத்தை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை. நன்றாக இருந்ததைக் கடைசியாக யார், எப்போது பார்த்தார்கள் என்பதே கணக்கு.

எங்கள் பக்கத்து அப்பத்தாக்கள் கடிகாரம் பார்த்து வாழ்கிறவர்கள் இல்லை. அதனால் கேள்வியை மாற்றிக்கொண்டேன்.

"பால்காரர் வந்தப்ப ஐயா பேசுனாகளா, அப்பத்தா?"

"பேசுனாகளாவா? தண்ணிப் பாலு ஊத்துறேன்னு அவன்கூட சண்டையில்ல போட்டாக."

"அப்புறம்?"

"மொத பஸ்ஸு ஹாரன் அடிச்சுச்சு. அப்பத்தான் காப்பியக் கையில கொடுத்தேன். தம்ளரு நழுவிருச்சு, வாயும் கோணிருச்சு."

அந்த ஊருக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று எங்கள் ஸ்ட்ரெச்சர் தள்ளும் அண்ணனுக்குத் தெரியும். போதும், கணக்கு கிடைத்துவிட்டது. டி.வி. சீரியல், பள்ளிக்கூட மணி, பள்ளிவாசல் பாங்கு, ரேஷன் கடை திறந்த நேரம் என்று எதைச் சொன்னாலும் நாங்கள் மணியாக மாற்றிக்கொள்வோம். "ரொம்ப நேரமா" என்பதை மட்டும் மாற்ற முடியாது.

வாசலில் நுழைந்ததும் முதலில் நடப்பது டிரையாஜ். நாடித்துடிப்பு, பிரஷர், மூச்சின் வேகம், விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிஜன் அளவு, நினைவு இருக்கிறதா என்று பார்த்து ஆளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறோம். சிவப்புக்கு அந்த நொடியே சிகிச்சை. மஞ்சளுக்குச் சீக்கிரம். பச்சை காத்திருக்கலாம். "நாங்க முதல்ல வந்தோம், பின்னாடி வந்தவங்களை உள்ள விட்டுட்டீங்க" என்ற சண்டை நடக்காத நாள் கிடையாது. காத்திருக்கச் சொன்னால், உடனடி உயிராபத்து இப்போது தெரியவில்லை என்று பொருள். ஆனால் நிறம் மாறக்கூடியது. காத்திருக்கும்போது வலி கூடினாலோ, மயக்கம் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ வரிசை பார்க்காமல் எழுந்து வந்து சொல்லுங்கள். திரும்பவும் பார்ப்போம்.

நெஞ்சுவலி என்று சொன்னால் வந்த 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்துவிட வேண்டும். எங்கள் ஊரில் நெஞ்சுவலிக்கு இன்னொரு பெயர் 'கேஸ்'. சோடா, இஞ்சிச் சாறு, பெருங்காயம் எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் வருவார்கள். வியர்த்துக் கொட்டியதா, வலி தாடைக்கோ கைக்கோ போனதா, எப்போது தொடங்கியது என்பதைச் சொல்லுங்கள். முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தும் மறுபடி எடுத்தால், ரத்தப் பரிசோதனையைச் சில மணி நேரம் கழித்துத் திரும்பச் செய்தால், அலைக்கழிப்பதாக நினைக்காதீர்கள். மாரடைப்பு சில பேருக்குத் தாமதமாகத்தான் தாளில் தெரியும்.

பாம்புக்கடிக்கு வருகிறவர்கள் பையில் பாம்பையும் கொண்டுவருவார்கள். சிலர் உயிரோடு! வேண்டவே வேண்டாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் நம்மிடம் இருப்பது ஒரே மருந்துதான். எங்களுக்கு வேண்டியது, கடித்த நேரமும் அதற்குப் பிறகு நடந்தவையும். கண் இமை கனத்ததா, வயிறு வலித்ததா, ஈறில் ரத்தம் வந்ததா? சுத்தமான கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்போம். சாய்த்துப் பார்க்கும்போது உறையாமல் ஓடினால், கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் விஷம் ஏறியிருக்கிறது. அந்த 20 நிமிடம் நாங்கள் சும்மா நிற்பதாகத் தோன்றும், சும்மா இல்லை. ஆள் நன்றாக இருந்தாலும் ஒரு நாள் முழுக்க வார்டில் வைத்திருப்போம். தரையில் படுத்தவரைக் கட்டுவிரியன் இரவில் கடித்தால் பல் தடம்கூடத் தெரியாமல் போகலாம். கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கீறி ரத்தம் எடுப்பது இரண்டும் கெடுதல்.

வலிப்புக்கு இரும்புச் சாவியைக் கையில் திணிப்பதும் அப்படித்தான். ஒருக்களித்துப் படுக்கவைத்து மணி பாருங்கள். 5 நிமிடம் தாண்டியும் நிற்காவிட்டால் பெரிய ஆபத்து. கூட இருப்பவர் செல்போனில் படம் பிடித்திருந்தால் டாக்டருக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

பூச்சிமருந்து விஷயத்தில்தான் எங்களிடம் அதிகம் பொய் சொல்கிறார்கள். "தெரியாமக் குடிச்சுட்டான்", "சாப்பாடு ஒத்துக்கல." போலீஸ் பயம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பாட்டிலையோ லேபிளையோ கொண்டுவந்து, நேரத்தையும் உண்மையையும் சொல்லுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள். உடம்பு தேறிய பிறகு மனசுக்கும் டாக்டர் பார்க்க வேண்டும். அந்த எண்ணம் வரும்போதே பேச 104, 14416 எண்கள் இருக்கின்றன.

விபத்தில் அடிபட்டவரைத் தூக்கி வருகிறவர்களும் போலீஸுக்குத்தான் பயப்படுகிறார்கள். முதலில் சிகிச்சை, சட்ட நடைமுறை பிறகு என்று உச்ச நீதிமன்றம் 1989-இலேயே சொல்லிவிட்டது. உதவி செய்தவரைப் பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் அவரைக் காக்கிறது. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, வரையறுத்த தொகைவரை அரசு பணம் கட்டுகிறது. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். விபத்து நடந்த இடம், நேரம், வாகனம் எல்லாம் விபத்துப் பதிவேடான ஏ.ஆர். புத்தகத்தில் ஏறும். பின்னால் இன்ஷூரன்ஸுக்கு அந்த நகல் தேவைப்படும் என்பதால் அங்கேயும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

நான் கேட்டதையே டூட்டி டாக்டர் கேட்பார், அப்புறம் ஸ்பெஷலிஸ்ட் கேட்பார். மூன்று பேருக்கும் ஒருவரே பதில் சொல்வது நல்லது. நடந்ததைக் கண்ணால் பார்த்தவர் அவராக இருக்கட்டும். வீட்டின் பெரிய மனிதர் என்பதற்காக வெளியூரிலிருந்து வந்த மாமாவை முன்னால் நிறுத்த வேண்டாம். மற்றவர்கள் வெளியே இருங்கள். நாங்கள் சொல்லும்வரை தண்ணீர், இளநீர், காப்பி எதுவும் கொடுக்காதீர்கள். ஆபரேஷன் தேவைப்பட்டால் வெறும் வயிறு வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபர் செய்தால், என்ன மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தோம் என்று எழுதிய சீட்டை வாங்காமல் ஆம்புலன்ஸில் ஏறாதீர்கள். அங்கேயும் முதல் கேள்வி மணிதான்.

இன்றைக்கே ஒரு தாள் எடுத்து, வீட்டில் யாருக்கு என்ன நோய், என்ன மாத்திரை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, முன்பு என்ன ஆபரேஷன் நடந்தது என்று எழுதி, ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள். "வெள்ளை மாத்திரை, சின்னது" என்று சொன்னால் எங்களால் கண்டுபிடிக்க முடியாது. நேரத்தை முன்கூட்டியே எழுதி வைக்க முடியாதுதான். அதற்கு, ஏதாவது ஆனதும் 108-ஐ அழையுங்கள். அழைத்த நேரம் உங்கள் செல்போனிலேயே பதிவாகிவிடும்.