நமக்கென ஓர் ஊடகம் இன்றும் வேண்டுமா?

முகநூலில் பக்கம் இருக்கிறது, யூடியூபில் அலைவரிசை இருக்கிறது, வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு மணி நேரத்தில் செய்தி மாவட்டம் முழுவதும் பரவிவிடுகிறது. அப்படியிருக்க, ஒடுக்கப்பட்டோர் தமக்கெனத் தனி ஊடகம் நடத்திப் பணத்தையும் உழைப்பையும் ஏன் செலவிட வேண்டும்? கருத்தரங்குகளில் மாணவர்கள் நம்மிடம் அடிக்கடி எழுப்பும் கேள்வி இது. செய்தியைப் பரப்புவது மட்டுமே நோக்கமெனில், தனி ஊடகம் தேவையில்லை என்றே நாமும் சொல்வோம்.

ஆனால் பரவல் ஒன்றே நோக்கமாக ஒருபோதும் இருந்ததில்லை. 1907 ஜூன் 19 அன்று அயோத்திதாசப் பண்டிதர் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியபோது, அதே நகரில் 'சுதேசமித்திர'னும் 'தி இந்து'வும் வெளிவந்துகொண்டிருந்தன. அவற்றோடு வாசகர் எண்ணிக்கையில் போட்டியிட அவர் முனையவில்லை. எது செய்தி, எது வரலாறு, எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதைத் தாமே முடிவுசெய்யும் இடமாக அவ்விதழை 1914இல் மறையும்வரை நடத்தினார். பின்னர் பல பத்தாண்டுகள் தமிழ் அறிவுலகம் அவரைப் பேசவேயில்லை. அன்பு பொன்னோவியம் போன்றோர் பழைய இதழ்களைக் காத்து வைத்திருந்தனர். 1999இல் ஞான. அலாய்சியஸ் அவ்வெழுத்துகளைத் தொகுத்து வெளியிட்ட பிறகே பண்டிதர் பொது விவாதத்திற்குத் திரும்பினார். ஒரு நிறுவனத்தின் சர்வரில் இன்று நாம் இடும் பதிவு, கணக்கு முடக்கப்பட்டால் மறுநாளே மறைந்துவிடும். எடுத்து வைக்கத் தாள்கூட மிஞ்சாது.

சட்டக் கண்ணோட்டத்தில் இதற்கு இன்னும் அவசரமான பக்கம் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவின் நகலைச் சான்றாக முன்வைக்கச் சான்றிதழ் வேண்டும். எந்தக் கருவியிலிருந்து வந்தது, கோப்பின் ஹாஷ் மதிப்பு என்ன என்பதை அதில் குறிப்பிட வேண்டும். வாட்ஸ்அப்பில் கைமாறும் காணொளி சுருக்கப்பட்டு, எடுத்த நேரம், கருவி பற்றிய தகவல்களை இழந்து வருகிறது. ஆயிரம் பேர் பகிர்ந்த காட்சியும், 'யார் எடுத்தது?' என்ற ஒரு குறுக்கு விசாரணைக் கேள்வியில் தடுமாறும். மூலக் கோப்பை அன்றே பெற்று, பெற்ற நாளையும் ஹாஷ் மதிப்பையும் குறித்துப் பாதுகாக்கும் ஊடகம் பாதிக்கப்பட்டோருக்கு அளிக்கும் உதவி, எந்தத் தலையங்கத்தைவிடவும் பெரிது.

வேங்கைவயலை எடுத்துக்கொள்வோம். 2022 டிசம்பரில் தலித் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தபோது எல்லா ஊடகங்களும் அங்கே சென்றன. 2025 ஜனவரியில், அதே தலித் குடியிருப்பைச் சேர்ந்த மூன்று இளைஞர்கள் மீதே சிபிசிஐடி குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ததும் தலைப்புச் செய்தியானது. அதற்கடுத்து நிகழ்ந்ததோ பலர் கண்ணில் படவில்லை. வழக்கு வன்கொடுமைத் தடுப்புச் சிறப்பு நீதிமன்றத்திலிருந்து நீதித்துறை நடுவர் நீதிமன்றத்திற்கு மாற்றப்பட்டது. அச்சட்டத்தின் 3ஆம் பிரிவு பட்டியல் சாதி, பழங்குடியினர் அல்லாதோர் செய்யும் குற்றங்களுக்கே பொருந்தும். எனவே குற்றஞ்சாட்டப்பட்டோரின் சாதி மாறியதுமே வழக்கின் சட்டமும் மாறுகிறது. பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் 15ஏ பிரிவு தரும் உரிமைகளும், குற்றப்பத்திரிகை தாக்கலான இரண்டு மாதங்களுக்குள் கூடுமானவரை விசாரணையை முடிக்க வேண்டும் என்ற 14ஆம் பிரிவின் கட்டளையும் அதோடு கைநழுவுகின்றன. மூன்று நிமிடக் காணொளியில் இதை யாரும் விளக்கப் போவதில்லை. விளக்கினாலும் அல்காரிதம் அதைப் பரப்பப் போவதில்லை. வாய்தா தோறும் நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்து எழுத ஓர் ஆள் வேண்டும். அந்த எழுத்து ஐந்து ஆண்டுகள் கழித்தும் தேடினால் கிடைக்க வேண்டும்.

தனி ஊடகம் சட்டத்தின் பிடிக்கு வெளியே நிற்கிறது என்ற மயக்கமும் கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் நம் தளத்தையும் முடக்கலாம். 79ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு, பிறர் எழுத்தைத் தாங்கி நிற்கும் இடைநிலை நிறுவனங்களுக்குரியது; நம் பெயரில் வெளியிடும் ஒவ்வொரு வரிக்கும் நாமே பொறுப்பு. அவதூறு வழக்கு வந்தால் செலவும் நம்முடையது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை ஆர்வ மிகுதியால் வெளியிடுவது குற்றம். வெளியிட்டது நம் தோழர் என்பதால் நீதிமன்றம் இரங்காது.

ஆகவே, புதிதாகத் தொடங்க விரும்பும் மாணவர்களிடம் வடிவமைப்பைப் பற்றி நாம் கேட்பதில்லை. உங்கள் மாவட்டச் சிறப்பு நீதிமன்றத்தில் எத்தனை வன்கொடுமை வழக்குகள் நிலுவையில் உள்ளன, அவற்றுள் எதை இறுதித் தீர்ப்பு வரை பின்தொடர உங்களிடம் ஆள் இருக்கிறது, மூலக் கோப்புகளின் இரண்டாவது படி யாரிடம் இருக்கும் என்றே கேட்கிறோம்.