வாயிலில் தடுக்கப்படும் கணிப்பொறி

நுழைவுச் சீட்டு என்றால் என்ன என்று அணுபுரத்துக் குடும்பங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்பாக்கத்து அணுசக்தி நிலையங்களில் பணிபுரிவோர் பலர் குடியிருக்கும் ஊர் அது. நிலைய வாயிலில் ஒருவரைத் தடுத்தால், சீட்டு அவருடையதாக இல்லாதிருக்கலாம், தவணை முடிந்திருக்கலாம், அல்லது சீட்டு சரியாக இருந்தும், குறிப்பிட்ட அந்தக் கட்டடத்துக்குள் செல்ல அனுமதி இல்லாதிருக்கலாம். மூன்றுக்கும் பரிகாரம் வேறு வேறு.

அவ்வூரில் ஒரு மாணவர் தம் வீட்டுப் பழைய கணிப்பொறியில் விளையாட்டு சர்வர் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். (ஓட்டலில் இட்டிலி கொண்டுவருபவரும் சர்வர்தான். இதற்கும் பரிமாறுகிற வேலையே.) விளையாட்டின் புதிய பதிப்பு வெளிவருகிறது. நண்பர்களின் கணிப்பொறிகள் உடனே புதுப்பித்துக்கொள்கின்றன. சர்வர் பழைய பதிப்பிலேயே நிற்கிறது. எனவே யாராலும் சேர முடியவில்லை. நம் மாணவர் ஸ்டீம்சிஎம்டி என்ற நிரலை இயக்கிப் புதுப்பிக்க முனைகிறார். 'லாகின் ஃபெயிலியர்' என்று பதில் வருகிறது. நண்பர்கள் காத்திருக்கிறார்கள். அவர் அதே கடவுச்சொல்லைப் பத்து முறை தட்டுகிறார்.

இதைவிடக் கெடுதலான செயல் வேறில்லை. சில தோல்விகளுக்குப் பின் ஸ்டீம் 'ரேட் லிமிட் எக்ஸீடட்' என்று சொல்லிக் கதவை அடைத்துவிடும். அதன்பின் சரியான கடவுச்சொல்லும் செல்லாது. கையை எடுத்துவிட்டுச் சிறிது நேரம் காத்திருப்பதே வழி.

ஆகவே முதலில் பிழைச் செய்தியைப் படியுங்கள். 'நோ சப்ஸ்கிரிப்ஷன்' என்று இருந்தால் கடவுச்சொல்லில் குற்றமில்லை. நீங்கள் யார் என்பது ஏற்கப்பட்டுவிட்டது. அந்த விளையாட்டு உங்கள் கணக்கில் இல்லை, அவ்வளவுதான். பல விளையாட்டுகளின் சர்வர் கோப்புகளை 'அனானிமஸ்' என்ற பெயரில் கடவுச்சொல்லே இல்லாமல் பெறலாம். சிலவற்றுக்கு மட்டும் விளையாட்டை வாங்கிய கணக்கு வேண்டும்.

'இன்வாலிட் பாஸ்வேர்ட்' என்பது வேறு. கையால் தட்டினால் ஏற்கப்படும் சொல், கட்டளைக் கோப்பில் எழுதினால் மறுக்கப்படுகிறதா? அதில் டாலர் குறி இருக்கிறதா என்று பாருங்கள். லினக்ஸ் முனையம் அந்தக் குறிக்குத் தன் பொருளைக் கொடுத்து, சொல்லையே மாற்றி அனுப்பிவிடும். ஒற்றை மேற்கோளுக்குள் இட்டால் சரியாகும்.

இனி இயற்பியலுக்கு வருவோம். கைப்பேசிச் செயலி காட்டும் ஐந்தெழுத்துக் குறியீடு 30 வினாடிக்கு ஒருமுறை மாறுகிறது. இதைச் செயலிக்கு யாரும் அனுப்புவதில்லை. 1970 ஜனவரி 1 முதல் எத்தனை அரை நிமிடங்கள் கடந்தன என்ற எண்ணைச் செயலியும் ஸ்டீமும் தனித்தனியே எடுத்து, இருவரும் அறிந்த ஓர் இரகசியத்துடன் கலந்து கணக்கிடுகின்றன. விடைகள் ஒத்திருக்க வேண்டுமானால் கடிகாரங்கள் ஒத்திருக்க வேண்டும். கைப்பேசி தன் நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளும். ஆனால் சிலர் குறியீட்டைச் சர்வர் கணிப்பொறியிலேயே கணக்கிட வைக்கிறார்கள். அதிலுள்ள குவார்ட்ஸ் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதில் பத்து லட்சத்தில் 20 பங்கு பிழை இருந்தால், நாளுக்கு ஏறத்தாழ 1.7 வினாடி, மாதத்தில் 50 வினாடிக்கு மேல்! குறியீட்டின் ஆயுளே 30 வினாடிதான்.

இன்னொரு பிழையை நம் நாட்டில்தான் எளிதில் செய்வோம். புதிதாக அமைத்த சர்வர் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தையே காட்டும். நம் சுவர்க்கடிகாரத்தைவிட அது 5½ மணி பின்தங்கியிருப்பதைக் கண்டு, முள்ளைத் திருப்புவதுபோல் அதை முன்னே தள்ளிவிடுகிறோம். கண்ணுக்குச் சரி, ஆனால் கணிப்பொறி இப்போது 5½ மணி எதிர்காலத்தில் இருக்கிறது. அரை நிமிடக் கணக்கில் 660 தவணைகள்! மாற்ற வேண்டியது நேர மண்டலத்தை மட்டுமே.

பழைய கணிப்பொறியின் சிறு மின்கலம் தீர்ந்துவிட்டால், மின்வெட்டுக்குப்பின் அது பல ஆண்டுகள் பின்னுக்குப் போய் விழிக்கும். எதிர்முனையின் பாதுகாப்புச் சான்றிதழில் 'இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை' என்று இருக்குமல்லவா? 'இது இன்னும் தொடங்கவே இல்லை' என்று கணிப்பொறி அதை மறுத்துவிடும். கடிகாரம் சரியாக இருந்தும் இத்தொல்லை வருவதுண்டு. 2021 செப்டம்பர் 30 அன்று, லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ்களுக்கு ஆதாரமாக இருந்த பழைய மூலச் சான்றிதழ் ஒன்றின் தவணை முடிந்தது; நெடுநாள் புதுப்பிக்கப்படாத பல கருவிகள் இணைப்பை இழந்தன. அங்கே மருந்து, இயங்குதளத்தைப் புதுப்பிப்பது. கடிகாரத்துக்கு மருந்து, அதை இணையவழி நேரத்துடன் இணைப்பது. புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் சீசியம் அணுக் கடிகாரங்களால் இந்திய நேரத்தைப் பேணி, இணையம் வழியாகவும் வழங்குகிறது.

கடைசியாக, அவசரத்தில் பலர் தம் சொந்தக் கணக்கின் கடவுச்சொல்லைக் கட்டளைக் கோப்பில் எழுதிவைத்துவிடுகிறார்கள். சர்வரைத் தொடுகிற ஒவ்வொருவரும் அதைப் படிக்கலாம். காசு கொடுத்து வாங்கிய விளையாட்டுகள் எல்லாம் பறிபோகலாம். அதற்குத் தேவையே இல்லை. சர்வருக்கென்று தனிக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். இரவில் புதுப்பிக்கும் வேலை கணிப்பொறியில் எந்தப் பயனர் பெயரில் நடக்குமோ, அதே பெயரில் நுழைந்து ஒரே ஒருமுறை கையால் கடவுச்சொல்லையும் குறியீட்டையும் கொடுங்கள். ஸ்டீம்சிஎம்டி அந்த நுழைவை நினைவில் வைத்துக்கொள்ளும். அதன்பின் கோப்பில் கணக்கின் பெயர் மட்டும் இருந்தால் போதும்.