அட்டை கிடக்கும் தரை

பூநகரிக் கரையில் கடல் வற்றும் நேரம் பார்த்து இறங்கினால், முழங்காலளவு தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம். காலடியில் சாதாழை என்னும் கடற்புல். இடையிடையே சேறும் மணலும் கலந்த வெளி. அந்த மணலில் பாதி புதைந்து, ஒரு சாண் நீளத்தில், சாம்பல் நிறத்தில் கிடப்பதுதான் வெள்ளை அட்டை. நமது அடுப்படிக்கு அது வருவதில்லை. அவித்துக் காயவைத்ததும் சீனா, ஹொங்கொங், சிங்கப்பூர் என்று போய்விடுகிறது. அதனாலோ என்னவோ, கடலட்டை என்றால் வன்னியில் அதன் விலையைப் பற்றித்தான் பேச்சு நடக்கிறது. அதன் சீவியத்தைப் பற்றிப் பேசுவார் குறைவு.

குளத்தில் காலைக் கவ்வும் அட்டைக்கும் இதற்கும் உறவு கிடையாது. நட்சத்திர மீனும் கடல் முள்ளெலியும்தான் இதன் சொந்தங்கள். இதற்கு மூளை இல்லை. வாயைச் சுற்றிய ஒரு நரம்பு வளையமே எல்லாவற்றையும் நடத்துகிறது. மூச்சு விடுவது பின்துவாரத்தால்: அதன் வழியே தண்ணீரை உள்ளிழுத்து, மரக்கிளை போலப் பிரிந்த உறுப்பொன்றில் ஒட்சிசனை எடுத்துக்கொண்டு திருப்பி வெளியே விடுகிறது. வாயிலுள்ள உணர்கொம்புகளால் மணலை அள்ளி விழுங்கி, அதில் ஒட்டியிருக்கும் அழுகலையும் நுண்ணுயிர்களையும் செமித்து, மிஞ்சிய மணலைக் கழிக்கிறது. பகலில் புதைவதும் இருட்டும் நேரம் வெளிவருவதுமாகத் தரையை ஓயாமல் கிளறிக்கொண்டே இருக்கிறது. வயலில் மண்புழு என்ன செய்கிறது என்பதை நெல் விதைக்கும் வன்னியானுக்கு விளக்கத் தேவையில்லை. கடலின் அடியில் அந்த வேலை அட்டையுடையது.

இனப்பெருக்கத்தில்தான் இதன் பலவீனம் இருக்கிறது. ஆணும் பெண்ணும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். இணைசேர்வது கிடையாது, ஆண் விந்தையும் பெண் முட்டையையும் தண்ணீரில் விடுகின்றன. அவை ஒன்றையொன்று சந்திக்க வேண்டுமானால் அட்டைகள் கிட்டக்கிட்டக் கிடக்க வேண்டும். ஒரு பரப்பில் நூறு கிடந்த இடத்தில் ஐந்தே மிஞ்சினால், அந்த ஐந்தும் உயிரோடிருந்தும் பிள்ளையில்லாமல் போகலாம். கருக்கட்டிய முட்டையிலிருந்து வரும் குடம்பி ஏறக்குறைய இரண்டு வாரம் மிதந்து திரிந்து, பிறகு சாதாழை இலையில் ஒட்டிக்கொள்கிறது. சற்று வளர்ந்த பின்னரே மணலுக்கு இறங்குகிறது. சாதாழை அழிந்த கடலில் குஞ்சுக்குத் தொட்டில் இல்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு பிடிக்கும் முறைகளைப் பாருங்கள். வன்னியின் மேற்குக் கரையில் ஆழம் குறைந்த கடலில் பெண்களும் ஆண்களும் நடந்தே கையால் பொறுக்குகிறார்கள். அதில் பெரியதை எடுக்கலாம், சிறியதை விடலாம். முல்லைத்தீவுப் பக்கம் கடல் ஆழம். அங்கே சிலிண்டர் கட்டிய சுழியோடிகள் இரவில் வெளிச்சம் பாய்ச்சி இறங்குகிறார்கள். ஓடத் தெரியாத உயிர் உணவுக்காக வெளியே வந்து கிடக்கும் நேரம் அது. ஒரு பரப்பு முழுவதையும் ஒரே இரவில் வழித்தெடுத்துவிடலாம். வெளியிடங்களிலிருந்து வந்து இப்படிச் செய்வோருக்கு எதிராக முல்லைத்தீவுக் கடற்றொழிலாளர்கள் வீதிக்கு இறங்கியதை வெறும் எல்லைச் சண்டையாக நான் பார்க்கவில்லை.

இழுவைமடி இன்னும் கொடியது. வாயை விரித்து வைக்கும் பலகைகளும் கனமான அடிக்கயிறும் தரையை உரசிக்கொண்டு போக, சாதாழை வேரோடு பெயர்கிறது. இலங்கை நாடாளுமன்றம் 2017 யூலையில் இதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஆனாலும் தமிழகத்து விசைப்படகுகள் பாக்கு நீரிணையைக் கடந்து வருவது நிற்கவில்லை. இந்தியாவில் 2001 முதல் கடலட்டை பிடிப்பது தடை. இங்கே அனுமதிப்பத்திரத்தோடு பிடிக்கலாம். அதனால் அக்கரையில் பிடித்த அட்டை இக்கரைக்குக் கடத்தப்படுகிறது. கடல் ஒன்று, சட்டம் இரண்டு என்றால் இதுதான் நடக்கும்.

அடுத்தது பண்ணை. வெள்ளை அட்டைக் குஞ்சைப் பொரிக்கவைக்கும் வித்தையைத் தூத்துக்குடியில் இந்திய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1988இலேயே செய்து காட்டியது. அப்படிப் பொரித்த குஞ்சுகளை ஆழம் குறைந்த கடலில் கம்பு நட்டு, வலையடைத்து வளர்க்கிறார்கள். தீனி போடத் தேவையில்லை, தரையே தீனி. வருமானமும் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் கம்பு நடும் அந்தத் தரைதான் சிறகுவலை கட்டும் இடம், இறாலும் நண்டும் வளரும் இடம், படகில்லாத குடும்பங்கள் நடந்து பிழைக்கும் இடம். 2021இல் கௌதாரிமுனையில் சீனத் தொடர்புள்ள பண்ணையொன்றைப் பற்றி எழுந்த கேள்வியும், 2022இல் கிராஞ்சி மக்கள் நடத்திய தொடர் போராட்டமும் இந்தத் தரையைப் பற்றிய கவலையிலிருந்து வந்தவைதான். பண்ணை எங்கே வரலாம் என்பதை அந்தக் கடலில் நடப்பவர்களைக் கேட்காமல் கொழும்பில் தீர்மானிப்பது பிழை.

கடற்றொழில் திணைக்களம் இன்னொரு அனுமதி கொடுக்குமுன் சாதாழைப் படுகைகளை அந்தந்தக் கிராமத்துச் சங்கங்களோடு சேர்ந்து அளந்து குறிக்கட்டும்; அந்த இடங்களில் வேலி வேண்டாம். அட்டைக்குப் போகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: கையில் அகப்படுவது சிறியதென்றால், எடுத்த இடத்திலேயே, அதே மணலில், மற்ற அட்டைகளுக்குப் பக்கத்திலேயே விட்டுவிடுங்கள்.