மூட்டு வலியும் மாத்திரைப் பெட்டியும்

தொழுதுவிட்டு எழும்போது சுவரைப் பிடித்துக்கொள்ளும் பெரியவர்கள் இல்லாத வீடு நம் மஹல்லாவில் குறைவு. மருந்துக்கடையில் ஒரு வலி மாத்திரை வாங்கிப் போட்டால் அன்றைய பொழுது ஓடிவிடும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் நாள்தோறும் சாப்பிட்டால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகமும் பழுதாகலாம். சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

வலிக்குப் பயந்து அசையாமல் இருப்பதும் தவறு. முழங்காலைத் தாங்குவது தொடைத் தசை. அது தளர்ந்தால் வலி கூடும். நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டுங்கள். 5 விநாடி நிறுத்தி இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் 10 தடவை, காலையும் மாலையும் செய்யலாம். முதுகு வலி உள்ளவர்களும் படுத்தே கிடக்காமல் முடிந்தவரை நடப்பது நல்லது. உடல் பருமனானவர்கள் எடையைக் குறைத்தால் மூட்டின் சுமையும் குறையும்.

ஸஜ்தாவுக்குக் குனிய இயலாதவர்கள் நாற்காலியில் அமர்ந்து தொழலாம். அது மார்க்கம் தந்த சலுகை; வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூட்டு சிவந்து வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, முதுகு வலியோடு கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு இழந்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இன்றே உம்மா, வாப்பாவின் மாத்திரைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அதையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வலி குறைய வழி கிடைக்கும், இன்ஷா அல்லாஹ்.