அரச இலை எரிந்தது. வெள்ளி இலை மிஞ்சியது! வீட்டிலேயே நகை செய்ய 'வெள்ளிக் களிமண்'
உத்திரமேரூர்,-

பச்சை அரச இலை ஒன்று. அதன் முதுகில் சாந்து மாதிரி ஒரு பூச்சு. காயவைத்து நெருப்பில் காட்டினால் இலை சாம்பல்! ஆனால் நரம்புக்கு நரம்பு அப்படியே வெள்ளியில் நிற்கிறது.

மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. இதற்குப் பெயர் 'மெட்டல் கிளே', அதாவது உலோகக் களிமண்.

பெண் குழந்தைக்கு இடுப்பில் கட்டும் வெள்ளி அரசிலை நமக்குப் புதிதல்ல. மாங்காய் மாலை, மல்லிகை மொட்டு எல்லாமே தோட்டத்தில் இருந்து வந்த நகைகள்தான். அதற்குப் பட்டறை வேண்டும். பத்தருக்குப் பல வருடப் பழக்கம் வேண்டும். இதற்கோ, சப்பாத்தி உருட்டத் தெரிந்த கை போதும்!

ஜப்பான் கண்டுபிடிப்பு

1990-ல் ஜப்பானின் மிட்சுபிஷி மெட்டீரியல்ஸ் கம்பெனியில் மசாக்கி மொரிகாவா என்பவர் உருவாக்கியது இது. மாவு போன்ற வெள்ளித்தூள், அதைப் பிடித்துக்கொள்ள ஒரு பசை, கொஞ்சம் தண்ணீர். அவ்வளவுதான் சரக்கு.

சுடும்போது பசை எரிந்து போகும். வெள்ளித்தூள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வெள்ளி உருக சுமார் 962 டிகிரி சென்டிகிரேடு வேண்டும். முதலில் வந்த ரகத்தை 900 டிகிரியில் 2 மணி நேரம் சுடவேண்டி இருந்தது. பின்னால் வந்த ரகங்களுக்கு 600, 650 டிகிரியே போதும். சின்ன உருப்படி என்றால் கை டார்ச்சிலேயே சுட்டுவிடலாம்.

ஈரம் இருந்தால் வெடிக்கும்!

இலை நகைக்கு நரம்பு எடுப்பாகத் தெரியும் பின்பக்கத்தில், மெல்ல மெல்ல பத்து தடவையாவது பூச வேண்டும். ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது.

அவசரப்பட்டால் ஆபத்து. உள்ளே ஈரம் இருந்தால் ஆவி கிளம்பி நகை வெடிக்கும். இதற்கு ஒரு சோதனை உண்டு. லேசாகச் சூடு காட்டி கண்ணாடி மேல் வையுங்கள். கண்ணாடியில் பனி படிந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம்.

டார்ச்சில் காட்டியதும் முதலில் புகை வரும். பிறகு செங்காவி நிறமாகத் தகதகக்கும். அந்த நிறத்திலேயே சில நிமிஷம் நிறுத்த வேண்டும். பாதரசம் போல பளபளத்தால் உருகப்போகிறது. உடனே டார்ச்சை விலக்குங்கள்!

ஜன்னல் திறந்திருக்கட்டும். முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள். குழந்தைகள் கிட்டே வரக்கூடாது.

சுட்டதும் வெள்ளை வெளேர் என்று சுண்ணாம்பு மாதிரி இருக்கும். பித்தளைக் கம்பி பிரஷால் தேய்த்தால் வெள்ளி கண் சிமிட்டும். உருப்படி சுருங்கும் என்பதையும் மறக்காதீர்கள். ரகத்துக்குத் தக்கபடி நூற்றுக்கு 8 முதல் 30 வரை சுருங்கும். மோதிரத்தை விரல் அளவுக்கே செய்தால், சுட்டபின் விரலில் ஏறாது!

பணம் கட்டச் சொன்னால் உஷார்

விலை? சாதாரண வெள்ளியைவிட அதிகம். எடையில் பசையும் தண்ணீரும் சேர்ந்தே வரும். 10 கிராம் களிமண் வாங்கினால் 10 கிராம் வெள்ளி மிஞ்சாது.

"பணம் கட்டுங்கள், சரக்கு தருகிறோம், செய்த நகையை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்" என்று யாராவது வந்தால், தாலியை அடகு வைத்து ஏமாறாதீர்கள். ஊதுவத்தி, ஊறுகாய் என்று எத்தனை பேர் இப்படிக் கட்டிவிட்டு போலீஸ் நிலைய வாசலில் நின்றிருக்கிறார்கள்!

முதலில் களிமண்ணில் கை பழகுங்கள். வேப்பிலையை மண்ணில் அழுத்தி, நிழலில் உலர்த்தி, சுட்டால் சுடுமண் தொங்கட்டான் ரெடி. கெட்டுப்போனாலும் நஷ்டம் ஒரு பிடி மண்தான்.

பொன் வாரியம் இருந்த ஊர்

விற்பனைக்கு வரும்போதுதான் உண்மையான சோதனை. வீட்டில் செய்த வெள்ளியை வாங்குகிறவர் எப்படி நம்புவார்?

பதில் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரிலேயே இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919, 921-ம் வருடக் கல்வெட்டுகள் அவை. குடவோலைத் தேர்தலுக்குப் பேர்போன அதே கல்வெட்டுகள்! ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம் போல, பொன்னைக் கவனிக்க 'பொன் வாரியம்' என்றே ஒரு குழு இருந்தது. அடுத்தவர் பொருளைத் திருடியவருக்கு வாரியத்தில் இடமே கிடையாது.

இன்று அந்த வேலையை ஹால்மார்க் செய்கிறது. 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளி நகைக்கும் தனி அடையாள எண்ணுடன் முத்திரை வந்தது. அப்போது அதைக் கட்டாயம் ஆக்கவில்லை. இருந்தாலும் விற்க நினைப்பவர்கள் தரம் பார்த்து, பில் போட்டு விற்பதே நல்லது. சுத்த வெள்ளி ரகம் என்றால் சுட்டபின் ஆயிரத்தில் 999 பங்கு வெள்ளி இருக்கவேண்டும்.

இலையின் நரம்பு நெருப்பில் நிற்கும். பெயர் ஒரு தடவை கெட்டால் எந்த நெருப்பில் காட்டினாலும் திரும்பாது!